கோயிலை எழுதிப் படித்தல்

1834ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் ராயல் ஏஷியாடிக் சொஸைட்டியார் ஒரு நூலை வெளியிட்டனர். ஹிந்துக்களின் கட்டடக் கலையைப் பற்றிய வியாசம் என்பது அதன் பொருள். 48 படத் தகடுகள் அதில் சேர்ந்திருந்தன. எழுதியவர் ஆங்கிலேயர் அல்லர். கும்பினியாரின் என்ஜினீயரும் அல்லர். தஞ்சாவூரில் பிறந்து, ஏழ்மையில் வளர்ந்து, சொந்த முயற்சியால் ஆங்கிலம் பயின்று, பெங்களூரில் நியாயாதிபதியாய் உத்தியோகம் பார்த்த ராம் ராஸ் என்பவரே அவர். நூல் அச்சேறி வெளிவந்தபோது அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் உயிருடன் இல்லை.

நமது கோயில்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் பெர்கூசன் என்ன சொன்னார், ஹாவெல் என்ன சொன்னார் என்று தேடிப் பழகிவிட்டோம். அவர்களுக்கெல்லாம் முன்பே, சாஸ்திர ஆதாரத்தோடும் அளவோடும் படத்தோடும் இத்துறையில் நூல் செய்தவர் ஒரு தஞ்சைக்காரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமற் போனதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறொன்று உண்டு. அவர் அந்த நூலை எந்த வழியில் செய்து முடித்தாரோ, அந்த வழியை நாம் மறந்துவிட்டோம். அதைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தேன்.

ராம் ராஸுக்கு ஆதாரமாகக் கிடைத்தவை மானசாரம், மயமதம் முதலிய சிற்ப நூல்களின் ஏட்டுப் பிரதிகள். அவை முழுமையாகவும் இல்லை, பிழையில்லாமலும் இல்லை. சமஸ்கிருதம் அறிந்த பண்டிதர்களுக்கு அவற்றின் இலக்கணம் விளங்கிற்று; பொருள் விளங்கவில்லை. சிற்பிகளுக்கோ பொருள் கைவசம் இருந்தது, சுலோகம் விளங்கவில்லை. குமுதம் என்றால் ஆம்பல் என்றும், கபோதம் என்றால் புறா என்றும் நிகண்டு சொல்லிவிடும். ஆனால் கோயிலின் அடித்தளத்தில் குமுதம் எந்த வரிசையில் நிற்கிறது, அது உருண்டையா பட்டையா, அதன் உயரம் எத்தனை பங்கு, வெளியே எத்தனை பங்கு துருத்த வேண்டும் என்பவற்றை எந்த நிகண்டும் சொல்லாது. வித்தை தெரிந்த நல்ல சிற்பி ஒருவர் வாய்த்த பிறகே ராம் ராஸுக்கு நூலின் கட்டு அவிழ்ந்தது. சொல்லைப் பண்டிதரிடமிருந்தும் வடிவத்தைச் சிற்பியிடமிருந்தும் பெற்று, இரண்டையும் கோட்டுப் படத்தில் வைத்துப் பொருத்தினார். படம் பொருந்தினால் சுலோகத்தின் பாடம் சரி. பொருந்தாவிட்டால் ஏட்டிலே பிழை. நீதி ஸ்தலத்தில் இரு தரப்புச் சாட்சிகளையும் விசாரித்துப் பழகியவருக்கு இந்த முறை புதிதாய் இருந்திராது!

ஏட்டுக்கும் உளிக்கும் நடுவில் நின்ற அந்தக் கோடுதான் கட்டடக் கலையின் உபாத்தியாயர் என்பது எனது அபிப்பிராயம். இது நமது தேசத்திற்கு மட்டும் உரிய சங்கதி அன்று. ஐரோப்பியர் தங்கள் தொன்மையான கிரேக்க, ரோமானியக் கட்டடக் கலையைக் கற்ற வரலாறும் இதுவே. 1562இல் இத்தாலியில் விக்னோலா என்பவர் ஐவகைத் தூண்களின் இலக்கணத்தைப் படங்களாகவே வெளியிட்டார். தூணின் விட்டத்தை ஓர் அளவாகக் கொண்டு, டஸ்கன் தூணுக்கு உயரம் 7 விட்டம், டோரிக்குக்கு 8, அயோனிக்குக்கு 9, கொரிந்தியனுக்கு 10 என்று வகுத்தார். அதன் பின்னர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய மாணாக்கர்கள் அந்தத் தூண்களைக் கையால் எழுதி எழுதியே தொழில் பழகினர். பாரிஸிலிருந்த பிரசித்தி பெற்ற கலைக்கூடத்தில் முதற் பரிசு பெற்றவனை ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். எதற்கு? பழைய இடிபாடுகளை அளந்து, எழுதி, ஆண்டுதோறும் படங்களைப் பாரிஸுக்கு அனுப்புவதற்கு. நமது சாஸ்திரமும் தூணின் உயரத்தை அதன் விட்டத்தைக் கொண்டே பேசுகிறது. ராம் ராஸ் இவ்விரு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். நம்முடையது அவர்களிடமிருந்து வந்த இரவல் அன்று, தனக்கென ஒழுங்கும் தர்க்கமும் உள்ள கலை என்பதை, ஆரவாரப் பேச்சினால் அன்று, அளவினாலே நிறுவினார்.

எழுதிப் பார்த்துக் கட்டும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்குக் கல்லிலேயே சாட்சியம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் போஜபுரம் என்ற ஊரில், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவன் கோயில் ஒன்று முடிவு பெறாமல் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறைகளின் மேல் தூண்கள், அடித்தளங்கள், சிகரங்கள் ஆகியவற்றின் படங்கள் உளியால் கீறப்பட்டிருக்கின்றன. பாறையே அவர்களுக்குக் காகிதம். கோயில் முடியாமல் நின்றதனால் அந்தக் கோடுகள் பிழைத்தன. துருக்கி நாட்டின் மேற்குக் கரையில் டிடிமா என்னுமிடத்திலுள்ள கிரேக்கக் கோயிலின் உட்சுவர்களிலும் இவ்வாறே மெல்லிய கீறற் படங்கள் இருப்பதை 1979இல் ஹாசல்பெர்கர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். தூணின் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் புடைப்பை எவ்வாறு வரைந்தார்கள் என்பது அங்கே வெளிப்பட்டது. அகலத்தை முழு அளவாகவும் உயரத்தைப் பதினாறில் ஒரு பங்காகவும் வைத்து வளைவை எழுதியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கோடு ஒருவர் கண்ணில்தான் பட்டது.

போஜபுரத்துக் கோடுகளை ஆராய்ந்த ஆடம் ஹார்டி என்ற அறிஞர், போஜராஜன் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரத்தின் கோயிற் பகுதிகளைத் தாமே கையால் எழுதி எழுதிப் பார்த்துப் பொருள் கண்டு 2015இல் நூலாக வெளியிட்டார். நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தும் ராம் ராஸின் வழியே வழியாக இருக்கிறது.

இனி என் அனுபவம் ஒன்று சொல்ல வேண்டும். காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். காரணம் பின்னால் விளங்கும். அங்குள்ள சிறு கற்றளியைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்கப் போயிருந்தேன். சோழர் காலத்துக் கோயில். கைப்பேசியில் நாற்பது ஐம்பது படம் பிடித்துக்கொண்டு திரும்பும் வேளையில், மண்டபத்தில் உட்கார்ந்திருந்த முதிய ஸ்தபதி ஒருவர், "ஐயா, படமெல்லாம் பிடிச்சாச்சு. குமுதம் பட்டையா, உருட்டா, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தோடு கைப்பேசியை எடுக்கப் போனேன். "அதுக்குத் தெரியும் ஐயா. உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்" என்றார் அவர்.

மறு வாரம் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். அடித்தளத்திற்கு ஒரு சாண் முன்னே மேலிருந்து தூக்குநூலைத் தொங்கவிடச் சொன்னார். குண்டு ஆடி அடங்கும்வரை காத்திருந்து, நூலிலிருந்து ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதையும், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து புள்ளி வைக்க வேண்டும். கீழே உபானம், அதன்மேல் ஜகதி, அதன்மேல் குமுதம், பிறகு உள்ளே குடைந்த கண்டம், எல்லாவற்றுக்கும் மேலே வெளியே நீண்ட பட்டிகை. ஐந்து சொற்கள், ஒரு முழுப் பகல் வேலை! குமுதத்தின் மூன்று பட்டைகளும் சம அகலம் என்று நினைத்து முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். அளந்து பார்த்தால் நடுப்பட்டை ஒரு கணக்கு, மேலும் கீழும் சாய்ந்த பட்டைகள் வேறு கணக்கு. அழித்து எழுதினேன். மறுபடியும் தப்பு. மூன்றாம் முறை கோடு கல்லோடு ஒத்தது. உச்சி வேளையில் கண்டத்தில் கரிய நிழல் ஒன்று கட்டு கட்டியதுபோல் கோயிலைச் சுற்றி ஓடிற்று. அந்த நிழல் விழுவதற்காகவே பட்டிகையை அவ்வளவு நீட்டியிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றிற்று. எத்தனையோ கோயில்களைப் பிரதட்சிணம் செய்தவன்தான்; அன்றுவரை அந்த நிழலைக் கண்டதில்லை.

கோடு கற்பிக்கும் பாடம் அழகுணர்ச்சியோடு நின்றுவிடுவதன்று. சரித்திரத்தையும் அது கற்பிக்கும். புதுச்சேரிக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், தென்னாட்டுச் சிற்பிகளிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்து, கோயில் கோயிலாகச் சென்று படங்கள் எழுதி, 1914இல் ஓர் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். கல்வெட்டே இல்லாத கட்டடத்தின் காலத்தையும் அதன் உறுப்புகளின் உருவத்தைக் கொண்டு நிர்ணயிக்கலாம் என்பது அவர் கண்ட முறை. தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்தில் அதன் வளைந்த முகத்தில் அலை அலையாக உருளைகள். நடுவே ஒரு பட்டை. சோழர் காலம் முதிர முதிர அலைகள் மறைந்து, சாய்வாய் வெட்டிய முகமும் நடுவில் ஒரு துருத்தும் தோன்றுகின்றன. விஜயநகரத்தார் காலத்தில் அந்தத் துருத்து கீழே வளைந்து பூமொட்டாய்த் தொங்குகிறது. நாயக்கர் காலத்திலோ அது வாழைப்பூப்போல் பெருத்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் ஒரு சாண் கல்லில் அடங்கியிருக்கிறது. புத்தகத்தில் இதைப் படித்தவன் மறு மாதம் மறந்துபோவான். நான்கு போதிகைகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தவன் மறப்பதில்லை. அதன்பின் எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் அவன் கண் முதலில் தூணின் தலைக்குத்தான் போகும். மனைவி மக்களுடன் சுவாமி தரிசனத்திற்குப் போகிறவர்களுக்கு இது சற்றுத் தொந்தரவான பழக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எழுதுவது என்றால் அடிக்கோலையும் சென்டிமீட்டரையும் வைத்துக்கொண்டு நகல் எடுப்பது மாத்திரம் அன்று. நமது மரபில் அளவு என்பது விகிதம். சாஸ்திரம் தேர்த்துகள், மயிர்முனை, ஈர், பேன், யவை என்று எட்டு எட்டாகப் பெருக்கி, 8 யவை ஓர் அங்குலம் என்றும், 24 அங்குலம் ஒரு முழக்கோல் என்றும் கணக்கிடுகிறது. சுவாமிமலையில் செப்புத் திருமேனி செய்யும் ஸ்தபதிகள் தென்னை ஓலையின் நறுக்கு ஒன்றைத் திருமேனியின் உயரத்திற்கு வெட்டி, அதையே மடித்து மடித்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். உத்தம தசதாளம் என்றால் 124 பங்கு. சிலை ஒரு சாணாயினும் ஓர் ஆளுயரமாயினும் ஓலையின் பங்கு மாறுவதில்லை. கோயிலுக்கும் அப்படியே. அதிஷ்டானம், கால், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், ஸ்தூபி என்ற ஆறு அங்கங்களும் ஒன்றுக்கொன்று எத்தனை பங்கு என்பதை அறிந்தவன் ஒற்றைத் தளத்துச் சிறு கோயிலையும் எழுதலாம். 1010இல் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின், ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்த விமானத்தையும் எழுத முற்படலாம். பங்கு அறியாதவன் பெரிதை அப்படியே சுருக்குவான். சிறிதை அப்படியே ஊதுவான். சமீப காலத்தில் சாலையோரங்களில் எழும்பியிருக்கும் சிமெண்டுக் கோபுரங்களில் பலவற்றைப் பார்த்தால் இந்த ஊதலும் சுருக்கலும் தெற்றென விளங்கும்.

"இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, லேசர்க் கருவி கோயில் முழுவதையும் ஒரு நாளில் அளந்துவிடுகிறதே, பென்சில் எதற்கு?" என்று நண்பர் சிலர் கேட்கிறார்கள். கருவியை நான் குறை சொல்லவில்லை. பழுது பார்ப்பதற்கு அது அளித்துவரும் துணை பெரிது. அதைத் தள்ளுவது மூடத்தனம். ஆனால் ஸ்தபதி என்னைக் கேட்ட கேள்வியே இதற்கு விடை. கருவிக்குத் தெரிந்துவிட்டது, நமக்குத் தெரிந்ததா? கருவி ஒரே வேகத்தில் எல்லாக் கல்லையும் அளக்கிறது. கையோ தயங்குகிறது; எங்கே தயங்குகிறதோ அங்கே மனம் கேள்வி கேட்கிறது. இந்த வளைவு எங்கே முடிகிறது, அந்தக் கல் எதன்மேல் தங்குகிறது என்று கேளாமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாது. அமெரிக்காவிலே நோட்டர்டாம் சர்வகலாசாலையில் 1989 முதல் கட்டடக் கலைப் படிப்பைத் தொன்மை நெறிக்குத் திருப்பி, மாணாக்கர்களுக்குக் கைவரைவைப் பயிற்றி, ஓர் ஆண்டு ரோமாபுரியில் தங்கிப் படிக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குப் பஞ்சமில்லாத தேசம் அது!

நம் நாட்டுச் சரித்திரத்தைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். 1850இல் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். அக்காலத்து ஆங்கிலச் சர்க்காரின் கலைப் பள்ளிகள் பொதுவாக லண்டன் முறையைப் பின்பற்றின. கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளை வைத்து எழுதுவது அம்முறையில் ஒரு முக்கியப் பயிற்சி. பிள்ளைகளின் கையில் பென்சில் இருந்தது. கண்ணெதிரே நமது கோயில் இல்லை. மறுபுறத்தில், ஸ்தபதி குடும்பங்களில் தகப்பன் மகனுக்குச் சொல்லிவைத்த வித்தை வீட்டுக்குள்ளேயே இருந்தது, வெளியார்க்கு வழியில்லை. இந்த இரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்கும் முயற்சி சுதந்திரத்திற்குப் பின்னரே நிகழ்ந்தது. 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கலைக்கென்று சர்க்கார் பள்ளி ஒன்று தோன்றிக் கல்லூரியாய் வளர்ந்தது. அதைப் பல்லாண்டுகள் நடத்திய வை. கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரிப் பாறையின்மேல் 133 அடி வள்ளுவர் சிலையை அமைத்தவர். பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், மற்ற இரண்டு பால்களுக்கும் 95 அதிகாரம். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அது திறந்து வைக்கப்பட்டது. பங்கிட்டு எழுதும் மரபு புதிய காரியத்திற்கும் பயன்படும் என்பதற்கு வேறு அத்தாட்சி தேடவேண்டியதில்லை.

ஆனால் ஒரு கல்லூரி மட்டும் இந்தப் பாரத்தைச் சுமக்க முடியுமா? தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்கள் பல்லாயிரம். திருப்பணிகள் ஓயாமல் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் சென்னை ஐகோர்ட்டு, புராதனக் கோயில்களின் பாதுகாப்பைக் குறித்து 75 உத்தரவுகளைக் கொண்ட தீர்ப்பு ஒன்றை வழங்கிற்று. தீர்ப்பு வேண்டியதுதான். எனினும் கல்லை எடுக்கிறவன் கையில் அந்தக் கல் எங்கே, எவ்வாறு இருந்தது என்று காட்டும் படம் இல்லையானால், நியாயஸ்தலம் என்ன செய்யும்? திருப்பணிக் கமிட்டிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், பக்தர்கள், கைப்பணம் செலவழிப்பவர்கள். வர்ணத்திற்கும் விளக்கிற்கும் விருந்திற்கும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் வைக்கிறார்கள். அளந்து எழுதுவதற்கு ஒரு வரி இருப்பதை நான் கண்டதில்லை. முதற் கல்லைப் பெயர்க்கும் முன்பு கோயிலின் அடித்தளம், தூண், பிரஸ்தரம் ஆகியவற்றின் அளவுப் படம் ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்க, பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு அதிகாரம் எதுவும் தேவையில்லை. ஊர்க்காரன் என்ற உரிமையே போதும். எழுதுவதற்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் ஜியோமிதி படிக்கும் பையன்களும் பெண்களும் இருக்கிறார்கள். தூக்குநூலும், அளவு நாடாவும், ஒரு ஸ்தபதியும், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் கிடைத்தால் ஒரு சிறு கற்றளியை எழுதி முடிக்கலாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது கை பிடித்துவிட்டால் மாமல்லபுரத்துக்கு ஒரு மாணாக்கர்.

அந்தக் காவிரிக் கரைக் கோயிலுக்குச் சென்ற ஆண்டு மறுபடியும் போயிருந்தேன். கும்பாபிஷேகம் முடிந்திருந்தது. பிராகாரத்தில் மழைநீர் நிற்கிறதென்று தரையை உயர்த்திப் புதிய கருங்கல் பலகை பாவியிருந்தார்கள். வழவழப்பான வேலை, அடியார்கள் கால் சுடாமல் நடக்க நடுவில் விரிப்பும் போட்டிருந்தார்கள். முதிய ஸ்தபதி இப்போது அங்கே இல்லை; வேறு ஊரில் பணி என்றார்கள். தூக்குநூல் தொங்கவிட்ட இடத்தைத் தேடிப் போய் நின்றேன். குமுதத்தின் கீழ்ப்பட்டை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உபானத்தையும் ஜகதியையும் காணோம். கோயில் முழங்கால்வரை மண்ணில் புதைந்தவன்போல நிற்கிறது. "கீழே இரண்டு வரி இருந்ததே?" என்று தர்மகர்த்தாவிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "எப்போதும் இப்படித்தானே இருக்கிறது?" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

பையிலிருந்து மூன்று முறை அழித்து எழுதிய அந்தத் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிக்கோட்டிலிருந்து மேலே விரலை வைத்து, உபானம், ஜகதி, குமுதம் என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு குனிந்து, புதிய தளக்கல்லின் விளிம்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.